பொத்தானை அழுத்துவதற்கு முன்

1996-இல் ஒரு லேப்டாப் பழுதாகி மேசைக்கு வந்தால், பார்ப்பவர் செய்த முதல் வேலை அதை இயக்குவதுதான். விளக்கு எரிகிறதா, டிஸ்க் சுற்றும் ஓசை கேட்கிறதா, 'பீப்' எத்தனை தரம் ஒலிக்கிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அதே லேப்டாப் இன்று பரணிலிருந்து இறங்கி வந்தால், விவரம் தெரிந்தவர் அதன் பொத்தானைத் தொடவே மாட்டார். அடாப்டரைக்கூடச் செருகமாட்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியின் திருகுகளைத் திறந்து, உள்ளே மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார்.

இடையில் கழிந்தது முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டில் பழுது என்பதன் இயல்பே மாறிவிட்டது. அன்று பழுது ஒரு நாளில் நேர்ந்தது. லேப்டாப் கீழே விழுந்தது, காபி கொட்டியது, மின்னழுத்தம் எகிறியது. ஓரிடத்தில் ஒரு பாகம் போயிற்று. மற்றவை நன்றாக இருந்தன. இன்று அதே லேப்டாப்பில் இருக்கும் பழுது, யாரும் தொடாமல் வைத்திருந்த காலத்தில் தானாக வளர்ந்தது. ஒரே சமயத்தில் ஐந்தாறு இடங்களில் இருக்கும். எது போயிற்று என்று தேடிய காலம் போய், எது மிச்சம் இருக்கிறது என்று தேடும் காலம் வந்துவிட்டது.

எண்கள் பேசிய காலம்

ஐபிஎம் நிறுவனம் 1992 அக்டோபரில் திங்க்பேட் 700சி-யை வெளியிட்டபோது அதன் விலை 4,350 டாலர். 10.4 அங்குல வண்ணத்திரை அன்று ஓர் அதிசயம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பழுதானதும் யாரும் தூக்கி எறியப் போவதில்லை. ஆகவே கழற்றி மாட்டுவதையும் மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பராமரிப்புக் கையேடு வந்தது. விசைப்பலகை, திரை, இன்வர்ட்டர், தாய்ப்பலகை என்று மாற்றத்தக்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, அது எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதுவரை அதில் இருக்கும்.

பழுதையும் எண்ணாலேயே சொன்னார்கள். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசி வகுத்த ஒழுங்கு அது. இயக்கியதும் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். குறை கண்டால் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். 2-இல் தொடங்கும் மூன்றிலக்க எண் என்றால் நினைவகம், 3-இல் தொடங்கினால் விசைப்பலகை, 6 என்றால் ஃபிளாப்பி, 17-இல் தொடங்கும் நான்கிலக்க எண் என்றால் ஹார்ட் டிஸ்க். 161 வந்தால் கடிகாரத்தைக் காக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. 163 வந்தால் தேதியும் நேரமும் அழிந்துவிட்டன. இந்த இரண்டும் 1984-இல் வந்த மேசைக்கணினியில் பிறந்து, இருபது ஆண்டுக்குப் பிந்திய திங்க்பேட் வரை அப்படியே தொடர்ந்தவை. எண்ணே வராவிட்டாலும் கையேட்டில் வழி இருந்தது: மோடம், கூடுதல் நினைவகம், ஃபிளாப்பி, டிஸ்க் என்று இன்றியமையாதவை அல்லாத பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்று, எதைக் கழற்றியதும் உயிர் வருகிறதோ அதுவே குற்றவாளி.

கையேடு தாய்ப்பலகையோடு நின்றுவிடும். பலகை போனால் புதுப் பலகை போடு என்பதே அதன் கடைசிச் சொல். நம் ஊரில் அந்தச் சொல் எடுபடவில்லை. புதுப் பலகையின் விலையைக் கேட்டவர்கள், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வந்தார்கள். ரேடியோ, டிவி உதிரிப் பாகங்களில் வளர்ந்த அந்தத் தெருவில் பழுது பார்ப்போர் இரண்டு வகை. பலகையை மாற்றித் தருபவர் 'கார்டு லெவல்'. பலகையிலேயே போன சிப்பைக் கண்டுபிடித்துப் பிடுங்கி வேறு வைப்பவர் 'சிப் லெவல்'. கடை முகப்புப் பலகையில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு ஒரு மதிப்பு. உலகத்தின் வேறு இடங்களில் பொழுதுபோக்காக இன்று செய்யப்படும் வேலையை அங்கே அன்றாடப் பிழைப்பாகச் செய்தார்கள்.

மூக்கு சொல்லும் சேதி

இன்று திறந்தவுடன் முகர்வதற்குக் காரணம் உண்டு. 1980-களின் இறுதியிலிருந்து 1990-களின் நடுவரை வந்த பல லேப்டாப்களில், பலகையின் மேல் ஒட்டிவைக்கும் சிறு உருளை வடிவ அலுமினிய கெப்பாசிட்டர்கள் இருந்தன. அவற்றுள் ஒரு திரவம் இருக்கும். அடியில் ரப்பர் அடைப்பு. அந்தத் திரவத்தில் சேர்த்த உப்புகளில் ஒரு வகை, காலப்போக்கில் அந்த அடைப்பையே அரித்துக் கசிந்தது. கசிந்தது பலகையில் பரவி, தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தடங்களைத் தின்றது. சால்டரிங் இரும்பின் சூடு பட்டதும் மீன் வாடை எழுந்தால், அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். 1987-இல் வந்த தோஷிபா டி1200 போன்றவற்றைப் புதுப்பிக்கிறவர்கள் மின்சாரம் கொடுக்கும் முன்பே மின்வழங்கிப் பலகையின் கெப்பாசிட்டர்களைக் கழற்றி மாற்றிவிடுவது இதனால்தான்.

அன்று இந்த வேலையே கிடையாது. 1990-இல் புதிதாக இருந்த கெப்பாசிட்டரை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்று அதைச் சோதிப்பதுகூட வீண் வேலை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, திரவமே இல்லாத செராமிக் அல்லது டான்டலம் வகையை வைப்பதே வழக்கம். பிறகு பலகையைக் கழுவி, மல்ட்டிமீட்டரால் தடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போடுவார்கள். சிப் லெவலுக்கும் கீழே இறங்கிய வேலை இது.

இரண்டாவது கசிவு பேட்டரியிலிருந்து வருகிறது. கடிகாரத்துக்கும், பெரிய பேட்டரியை மாற்றும் அந்தச் சில நிமிடங்களுக்கும் உதவ, பல லேப்டாப்களின் உள்ளே நிக்கல் வகைச் சிறு பேட்டரி ஒன்று இருந்தது. அதைப் பற்றி வாங்கியவருக்கே தெரியாது. பெரிய பேட்டரியைக் கழற்றிப் பத்திரமாக வைத்தவர்களும் இதை விட்டுவிட்டார்கள். அதனுள் இருப்பது காரம்; கசிந்த இடம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். நீர் கலந்த வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சில் தொட்டுத் தடவி முறித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். அதற்குப் பிறகும் தடங்கள் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

அளந்து ஊட்டும் மின்சாரம்

1990-களின் லேப்டாப்களில் அடாப்டர் ஒரு பெரிய தலைவலி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வோல்ட், ஒரு முனை, ஒரு துருவம். திங்க்பேட் குடும்பமே பல்லாண்டு 16 வோல்ட்டில் ஓடி, 2006-இல் டி60 வந்தபோது 20 வோல்ட்டுக்குத் தாவியது. அடாப்டர் தொலைந்தால் லேப்டாப்பும் தொலைந்த மாதிரிதான். தவறான துருவத்தில் செருகி எரித்தவர்கள் ஏராளம்.

ஆப்பிளின் 1989-ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் போர்ட்டபிள் இதில் தனி ரகம். அதில் இருந்தது ஸ்கூட்டரில் இருப்பது போன்ற ஈய-அமில பேட்டரி. அந்த பேட்டரி செத்துவிட்டால், சுவர் மின்சாரத்தில் செருகினாலும் கணினி எழாது. அன்று அப்படி ஒன்று மேசைக்கு வந்தால் புது பேட்டரி போட்டால் போதும். இன்று அந்த பேட்டரியை யாரும் செய்வதில்லை. ஆகவே அதே வோல்ட் தரும் சிறு ஈய-அமில பேட்டரிகளை வாங்கிப் பழைய உறைக்குள் வைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

இன்று பழைய லேப்டாப்புக்கு அதன் சொந்த அடாப்டர் கிடைத்தாலும் முதலில் பயன்படுத்துவதில்லை. அடாப்டருக்கு எச்சரிக்கை தெரியாது. உள்ளே ஷார்ட் இருந்தால் தன் வலிமை முழுவதையும் அதில் கொட்டும். அதற்குப் பதில் மேசைமேல் வைக்கும் டிசி சப்ளை. வோல்ட்டைச் சரியாக வைத்து, ஆம்பியருக்கு ஒரு சிறு வரம்பு போட்டு, முனையில் கொடுத்துவிட்டு எண்ணைப் பார்ப்பார்கள். நாடி பிடிப்பது போன்ற வேலை அது. எண் அசையாமல் சுழியத்தில் நின்றால் வாயிலிலேயே தடை: ஃபியூஸோ, செருகும் முனையோ போயிருக்கிறது. கொடுத்த உடனே வரம்பைத் தொட்டு நின்றால் எங்கோ ஷார்ட். சில பத்து மில்லி ஆம்பியரில் அமைதியாக நின்றால், பொத்தானுக்காகக் காத்திருக்கும் காவல் சுற்று விழித்திருக்கிறது. இனி பொத்தானை அழுத்தலாம்.

ஷார்ட் எங்கே என்று தேடுவதிலும் கருவி மாறியிருக்கிறது. முன்பு விரலால் தொட்டுச் சூடு பார்த்தார்கள். பலகையில் ஆல்கஹாலைத் தடவிவிட்டு எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்ப்பதும் பழைய தந்திரம். இன்று வெப்பக் கேமரா அதையே ஒரு நொடியில் காட்டுகிறது. விரலை மட்டுமே நம்பியவர்களில் பலர் இன்னும் அதையும் விடவில்லை.

திரைக்குள் வினிகர்

பழைய லேப்டாப் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், அன்றும் இன்றும் முதல் சோதனை ஒன்றே. டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அக்காலத் திரைகளுக்குப் பின்னே இருந்தது எல்இடி அல்ல, பென்சிலைவிட மெல்லிய ஒரு டியூப்லைட். அதை எரியவைக்க இன்வர்ட்டர் என்ற சிறு பலகை சில நூறு வோல்ட்டை உண்டாக்கும். தொடங்கும் கணத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே இயங்கும்போது அங்கே விரல் வைக்கக் கூடாது. குழாய் உடைந்தால் உள்ளே பாதரசம்.

அன்று இன்வர்ட்டரை மாற்றினால் வேலை முடிந்தது. இன்று குழாயே வயதாகி, எரியத் தொடங்கும்போது செம்மை கலந்த ஒளி தருகிறது. புதுக்குழாய் கிடைப்பது அரிது என்பதால் அந்த இடத்தில் எல்இடி பட்டையை வைத்துக்கொள்கிறார்கள்.

அதைவிட விசித்திரமானது திரையிலிருந்தே வரும் வினிகர் வாடை. எல்சிடி கண்ணாடியின் இருபுறமும் ஒளியை ஒழுங்குபடுத்தும் மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தாளின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ் ட்ரைஅசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, வெளியிடும். திரைப்படக் காப்பகங்களில் அசிடேட் படச்சுருள்களை அழிப்பதும் இதே வேதிமாற்றம்தான். சென்னை போன்ற ஊரில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. மூடிய பெட்டியில் வைத்த லேப்டாப்பின் திரை கொப்பளித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். கெட்ட தாளை உரித்து, பசையைச் சுரண்டி, புதுத் தாளைச் சரியான கோணத்தில் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கோணம் தவறினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும்.

சத்தம் போன டிஸ்க்

அன்று ஹார்ட் டிஸ்க் பழுதானால் புது டிஸ்க், பிறகு ஃபிளாப்பிகளை வரிசையாகச் செருகி மென்பொருளை ஏற்றுவது. இன்று புது டிஸ்க்கும் இல்லை, ஃபிளாப்பியும் இல்லை. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பதை நிறுத்திக்கொண்டது. எஞ்சிய ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றில், உள்ளே தலை முட்டி நிற்கும் ரப்பர் துண்டு பசையாக உருகி, தலையைப் பிடித்துக்கொண்டு எழவிடாமல் செய்கிறது. இன்னும் சுற்றுகிற டிஸ்க் கிடைத்தால் எல்லாவற்றுக்கும் முன்பு அதிலுள்ளதை அப்படியே ஒரு பிரதி எடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை சுற்றுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாற்று வேறொரு கருவியிலிருந்து கிடைத்தது. 1994-இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்திய காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டை, கேமராக்களில் புகழ்பெற்றது. அது உள்ளுக்குள் பேசுவது லேப்டாப் டிஸ்க்கின் அதே மொழி. 44 ஊசிகள் கொண்ட ஒரு சிறு மாற்றுப் பலகையில் அதைச் செருகினால், 1993-ஆம் ஆண்டு லேப்டாப் அதை ஹார்ட் டிஸ்க் என்றே நம்பும். ஒரு சிக்கல் மட்டும்: கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான அக்காலப் பயாஸ் 1,024 உருளை, 16 தலை, 63 பிரிவு என்ற கணக்குக்கு மேல் எண்ணாது. பெருக்கினால் சுமார் 52.8 கோடி பைட்டு. அதாவது 504 மெகாபைட். அதற்கு மேல் எவ்வளவு பெரிய அட்டை போட்டாலும் மீதி கண்ணுக்குத் தெரியாது. அன்றைய மென்பொருளுக்கு 504-ஏ தாராளம் என்பதால் யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

விசைப்பலகை, மேல்பூச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூடியைத் திறந்தால் விசைப்பலகை உடலைவிட அகலமாக விரியும் 1995-ஆம் ஆண்டு திங்க்பேட் 701 நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. அதன் ரப்பர் போன்ற மேல்பூச்சு இன்று கையில் ஒட்டும். ஆல்கஹாலால் துடைத்து நீக்குவதைத் தவிர வழியில்லை.

புதியது முந்திச் சாகும்

பழையது என்றால் உயிர்ப்பிப்பது கடினம், சற்றுப் புதியது என்றால் எளிது என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. 1997 லேப்டாப்பைவிட 2007 லேப்டாப் பல வேளைகளில் அதிகம் சோதிக்கிறது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் ஈயம் கலந்த சால்டருக்குத் தடை வந்தது. உலகமே ஈயமில்லாத சால்டருக்கு மாறியது. அதே காலத்தில் கிராஃபிக்ஸ் சிப்கள் முன்னைவிட மிகுதியாகச் சூடாயின. 2008 ஜூலையில் என்விடியா, தன் சில லேப்டாப் சிப்களில் பயன்படுத்திய பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ரிச்சி தெருவில் 'ரீபாலிங்' என்ற சொல் அன்றாடச் சொல்லானது அந்த ஆண்டுகளில்தான். சிப்பைச் சூட்டில் எடுத்து, அடியிலுள்ள நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகளைத் துடைத்துப் புதிதாக வைத்து மறுபடி உட்காரவைப்பார்கள். பழுது சிப்பின் அடியில் இருந்தால் இது நீடிக்கும். சிப்பின் உள்ளேயே இருந்தால் சில வாரத்தில் மறுபடி கறுப்புத் திரை.

அதன் பின் மாற்றம் இன்னும் வேகமாக வந்தது. 2012-இல் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் புரோவில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது. மெலிதான உடல் வேண்டும் என்று மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2018-இல் வந்த மேக்புக் புரோவில் சேமிப்பகத்தின் பூட்டும் சாவியும் டி2 என்ற ஒரு சிப்புக்குள் போயின. அந்தச் சிப் செத்தால், நினைவுச் சிப்களை வேறு பலகைக்கு மாற்றினாலும் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது.

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. லெனோவோ தன் திங்க்பேட்களுக்குப் பராமரிப்புக் கையேட்டை இன்றும் வெளியிடுகிறது. 2021-இல் ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனம் எல்லாப் பாகத்தையும் ஒரே திருப்புளியால் கழற்றக்கூடிய லேப்டாப்பைக் கொண்டுவந்தது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற இயலவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி முதல் கேட்கிறது.

ஆனாலும் முப்பது ஆண்டு கழித்து இன்றைய லேப்டாப்பைத் திறப்பவருக்குக் காத்திருப்பது வேறு வகைப் பழுது. மின்சாரம் இன்றி வைத்த ஃபிளாஷ் சேமிப்பகம் தன் நினைவை மெல்ல இழக்கும். எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே தொழில்துறையின் தரவரையறை. அதையும் தாண்டி, புதிதாக நிறுவ முனைந்தால் நிறுவனத்தின் சர்வர் அனுமதி கேட்கும் கருவிகள் பெருகிவிட்டன. அந்தச் சர்வர் அன்று இருக்குமா? 1992 திங்க்பேடுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கசிந்த கெப்பாசிட்டரை மாற்றலாம், அறுந்த தடத்துக்குக் கம்பி போடலாம். இல்லாமற்போன சர்வருக்கு ரிச்சி தெருவில் உதிரிப் பாகம் கிடைக்காது.

பழுது பார்க்கும் உரிமைக்கு வழக்காடுவது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் ஒதுக்கி வைத்த லேப்டாப் எதுவானாலும், 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய இலவச லேப்டாப்பானாலும் சரி, இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. பேட்டரி கழலுமானால் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளே கடிகார பேட்டரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கிலிருப்பதை ஒரு பிரதி எடுங்கள். அடாப்டரை அதனோடு சேர்த்துக் கட்டுங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். அதை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்றவேண்டும் என்று திங்க்பேட் கையேடே சொல்கிறது. பரணின் வெக்கையைவிட, காற்றோட்டமுள்ள அலமாரியின் நடுத்தட்டு நல்லது.